ஒரு பெயர் அச்சேறும்போது

சென்ற இதழில் வேலரி பிளேம் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வில் ரகசியமாகப் பணியாற்றியவர் அவர். 2003-ல் ஒரு பத்தி எழுத்தாளர் அவர் பெயரைப் பத்திரிகையில் போட்டார். அன்றோடு அவருடைய ரகசியப் பணி முடிந்தது. நான் எழுதியது அவ்வளவுதான். அதற்கு வந்த கடிதங்கள் மேஜையை நிறைத்துவிட்டன. ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் 26 வருஷம் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவள் நான். இந்த விஷயம் எனக்கு வெறும் பொது அறிவு இல்லை. அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

கேள்வி: அம்மா, உளவாளி, உளவு அதிகாரி, ஏஜென்ட் என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். எல்லாம் ஒன்றுதானே? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

இல்லை ஐயா. இந்த வித்தியாசம் பிடிபட்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

அதிகாரி என்பவர் சம்பளக்காரர். தன் அரசு அனுப்பி வெளிநாட்டில் இருப்பவர். ஏஜென்ட் என்பவர் அந்த வெளிநாட்டுக்காரர். தான் வேலை செய்யும் அமைச்சகத்திலிருந்தோ ஆய்வுக்கூடத்திலிருந்தோ ரகசியத்தை எடுத்து அந்த அதிகாரியிடம் கொடுப்பவர் அவர்தான். 'சி.ஐ.ஏ. ஏஜென்ட்' என்று அமெரிக்க அதிகாரிகளைக் குறித்து நானே வருஷக்கணக்கில் எழுதியிருக்கிறேன். தப்பு.

அதிகாரிகளிலும் இரண்டு வகை. பெரும்பாலானோர் தூதரகப் போர்வையில் இருப்பார்கள். வெளியே பார்த்தால் விசா பிரிவிலோ வணிகப் பிரிவிலோ ஒரு செயலாளர். பிடிபட்டாலும் 1961-ன் வியன்னா உடன்படிக்கை அவர்களைக் காப்பாற்றும். கைது செய்யவோ வழக்குப் போடவோ முடியாது. 'வேண்டாதவர்' என்று அறிவித்து விமானம் ஏற்றி அனுப்பத்தான் முடியும். இன்னொரு வகையினருக்கு அந்தப் போர்வையும் கிடையாது. வியாபாரி, ஆலோசகர் என்று சாதாரண பாஸ்போர்ட்டில் போய்வருவார்கள். அகப்பட்டால் சிறை, சில நாடுகளில் தூக்கு. பிளேம் தம் பணிக்காலத்தில் சில வருஷங்கள் அப்படியும் இருந்தவர்.

கேள்வி: பெயர் தெரிந்துவிட்டால் வேறு நாற்காலிக்கு மாற்றிவிட்டால் போயிற்று. ஒருவருடைய வேலை போனதற்கு ஏன் இவ்வளவு ஆதங்கம்? (கல்லூரி மாணவர்)

தம்பி, நாற்காலிக்கு இந்தப் பக்கம் இருப்பவரைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவரைப் பாருங்கள்.

மாஸ்கோவில் அடால்ஃப் டோல்கச்சேவ் என்று ஒரு பொறியாளர் இருந்தார். போர் விமானங்களுக்கு ரேடார் வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலை. 1977 ஜனவரியில் ஒரு பெட்ரோல் பங்கில் அமெரிக்கத் தூதரக எண் போட்ட கார் நிற்பதைப் பார்த்து, கிட்டே போய் ஒரு சீட்டைக் கொடுத்தார். காரில் இருந்தவர் சி.ஐ.ஏ.வின் மாஸ்கோ நிலையத் தலைவர், அதாவது அங்கே அதன் உளவு வேலைக்கெல்லாம் பொறுப்பாளர் என்பது அவருக்குத் தெரியாது. சோவியத் உளவுத் துறையான கே.ஜி.பி. வைத்த பொறியாக இருக்குமோ என்று பயந்து அவரை ஒதுக்கினார்கள். அவர் விடவில்லை, திரும்பத் திரும்ப வந்தார். கடைசியில் நம்பினார்கள்.

அதற்குப் பின் 1985 வரை அவர் செய்தது இதுதான். மதிய உணவு நேரத்தில் ரகசியக் கோப்புகளைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துவருவார். நாற்காலியின் முதுகில் கேமராவைப் பிடிபோட்டு மாட்டுவார். ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுப்பார். மனைவி வேலையிலிருந்து திரும்புமுன், நிறுவனத்தில் யாரும் தேடுமுன், கோப்பு பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும். பணம் வாங்கினார், உண்மைதான். அதோடு மகனுக்காக ராக் இசைப் பதிவுகளும், வரைபடம் போடும் பேனாக்களும், அழிப்பானும் கேட்டார். அந்த அழிப்பானைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வைத்திருக்கிற எந்த வீட்டிலும் இருக்கிற அப்பா அவர்.

அவரைக் காட்டிக்கொடுத்தது எட்வர்ட் லீ ஹோவர்டு என்ற முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி. மாஸ்கோவுக்கு அனுப்பப் பயிற்சி கொடுத்து, ரகசியங்களைச் சொல்லி, பிறகு பொய் கண்டறியும் சோதனையில் தேறவில்லை என்று 1983-ல் வேலையை விட்டு நீக்கப்பட்டவர். அவர் கடைசிவரை மறுத்தார். ஆனால் சி.ஐ.ஏ. வந்த முடிவு அதுதான். 1985 செப்டம்பரில் ஹோவர்டு அமெரிக்காவிலிருந்து தப்பியோடினார், பிறகு சோவியத்தில் தஞ்சம் புகுந்தார்.

1985 ஜூன் மாதம் டோல்கச்சேவ் கைதானார். அது தெரியாமல் 13-ஆம் தேதி இரவு வழக்கமான சந்திப்புக்குப் போன அமெரிக்க அதிகாரியைக் கே.ஜி.பி. ஆட்கள் பாய்ந்து பிடித்தார்கள். விசாரித்தார்கள். அவர் தூதரகப் போர்வையில் இருந்தவர். நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார், வீடு போய்ச் சேர்ந்தார். டோல்கச்சேவுக்கு 1986-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

ஒரே சந்திப்பு, இரண்டு பேர். ஒருவருக்கு விமான டிக்கெட், ஒருவருக்குத் துப்பாக்கிக் குண்டு.

இப்போது பிளேமுக்கு வருவோம். ஒரு அதிகாரியின் பெயர் அச்சில் வந்ததும், அவர் கால் வைத்த ஒவ்வொரு நாட்டின் பாதுகாப்புத் துறையும் பழைய பதிவேடுகளைப் புரட்டும். இந்த அம்மாள் எந்த வருஷம் வந்தார், எந்த ஹோட்டலில் தங்கினார், யாருடன் சாப்பிட்டார், யார் வீட்டு விசேஷத்துக்குப் போனார்? அந்தப் பட்டியலில் உண்மையிலேயே ரகசியம் கொடுத்தவர் ஒருவர் இருக்கலாம். ஒன்றும் தெரியாமல் பேசிக்கொண்டிருந்த பத்துப் பேரும் இருக்கலாம். விசாரணை அறையில் பதினோரு பேரும் ஒன்றுதான். அதிகாரிக்கு நாற்காலி மாறும் தம்பி. இவர்களுக்கு மாறிப்போக இடம் கிடையாது.

2007 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பிளேம் சாட்சியம் சொன்னார். விடிகாலையில் கணவர் வந்து செய்தித்தாளைக் கட்டிலில் போட்டு 'எழுதிவிட்டான்' என்றாராம். படித்ததும் வயிற்றில் குத்து வாங்கியதுபோல் இருந்தது, குடும்பத்தின் பாதுகாப்பும், தாம் பழகிய ஏஜென்ட்களும்தான் உடனே நினைவுக்கு வந்தார்கள் என்றார். அப்போது அவருடைய இரட்டைக் குழந்தைகளுக்கு மூன்று வயது. அந்த நிமிஷத்திலும் அவர் நினைத்த ஆட்களில் ஒருவர் பெயரும் இன்றுவரை நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: பெயரைக் கசியவிட்டவருக்கு என்ன தண்டனை கிடைத்தது? (வங்கி ஊழியர்)

கசியவிட்டதற்கு ஒருவருக்கும் தண்டனை இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளேமின் கணவர் ஜோசப் வில்சன் முன்னாள் தூதர். இராக் நைஜர் நாட்டிலிருந்து யுரேனியம் வாங்கப் பார்க்கிறதா என்று விசாரித்துவர 2002-ல் அங்கே அனுப்பப்பட்டார். அப்படி நடந்ததாக நம்ப ஆதாரம் இல்லை என்று திரும்பி வந்தார். ஆனால் அதே யுரேனியத்தைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டி அமெரிக்கா போருக்குப் போனது. 2003 ஜூலை 6-ல் வில்சன் நடந்ததை நியூயார்க் டைம்ஸில் எழுதினார். சரியாக எட்டாம் நாள், ஜூலை 14-ல், பத்தி எழுத்தாளர் ராபர்ட் நோவாக் பிளேமின் பெயரைப் போட்டார். பெயர் வேண்டாம் என்று சி.ஐ.ஏ. தரப்பில் கேட்டுக்கொண்ட பிறகும் போட்டார்.

அவருக்கு முதலில் சொன்னவர் வெளியுறவுத் துறை துணை அமைச்சர் ரிச்சர்ட் ஆர்மிடேஜ். 2006-ல் அவரே ஒப்புக்கொண்டார். அவர்மேல் வழக்கில்லை. துணை அதிபர் டிக் செனியின் தலைமை உதவியாளர் ஸ்கூட்டர் லிபி மட்டும் மாட்டினார். அதுவும் பெயரைச் சொன்னதற்காக அல்ல, விசாரணையில் பொய் சொன்னதற்காகவும் இடையூறு செய்ததற்காகவும். 2007-ல் 30 மாதச் சிறை, 2,50,000 டாலர் அபராதம். சிறைத் தண்டனையை அடுத்த மாதமே அதிபர் புஷ் ரத்து செய்தார். 2018-ல் அதிபர் டிரம்ப் முழு மன்னிப்பே கொடுத்தார். இதற்கு நடுவே, பிளேமைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத நிருபர் ஜூடித் மில்லர், தமக்குத் தகவல் தந்தவரைச் சொல்ல மறுத்ததற்காக 85 நாள் சிறையில் இருந்தார்.

சட்டம் இல்லாமல் இல்லை. ரகசிய அதிகாரிகளின் அடையாளத்தைக் காக்க 1982-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதில் நிரூபிக்க வேண்டியவை ஏராளம். அந்த அதிகாரி ரகசியப் பணியில் இருப்பது சொன்னவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை மறைக்க அரசு நடவடிக்கை எடுத்துவருவதும் தெரிந்திருக்க வேண்டும். அந்த அதிகாரி கடந்த ஐந்து வருஷத்துக்குள் வெளிநாட்டில் பணிபுரிந்திருக்க வேண்டும். 'பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன், அவர் ரகசிய அதிகாரி என்று எனக்குத் தெரியாது' என்றால் பெரிய மனிதர்கள் வெளியே நடந்துவிடலாம். எனக்கு இது இன்றைக்கும் ஆறவில்லை.

கேள்வி: ஏதென்ஸில் ஒரு சி.ஐ.ஏ. அதிகாரியைக் கொன்றது பத்திரிகைதான் என்கிறார்களே, சரியா? (நூலகர்)

முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தப்புமில்லை. ரிச்சர்ட் வெல்ச் சி.ஐ.ஏ.வின் ஏதென்ஸ் நிலையத் தலைவர். 1975 டிசம்பர் 23 இரவு, தூதர் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து மனைவியோடு வீடு திரும்பியவரை வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். 'நவம்பர் 17' என்ற தீவிரவாதக் குழு செய்த கொலை. அதற்கு முன்பே அமெரிக்காவில் ஒரு பத்திரிகை அவர் பெயரை அடையாளம் காட்டியிருந்தது. நவம்பரில் ஏதென்ஸில் வெளியாகும் ஒரு ஆங்கிலப் பத்திரிகையும் போட்டது. ஆனால் அவருக்கு முன் இருந்த நிலையத் தலைவர்களும் குடியிருந்த வீடு அது. அந்த வீடு ஊரறிந்த வீடு. ஆகவே பத்திரிகை மட்டுமே கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். கொல்ல நினைத்தவனுக்கு விலாசம் தேடுகிற வேலை மிச்சமானது என்று மட்டும் சொல்வேன்.

அந்தக் குழுவினர் 2002-ல் பிடிபட்டார்கள். அதற்குள் 20 வருஷக் கெடு கடந்துவிட்டதால் வெல்ச் கொலைக்காக யார்மீதும் வழக்கு நடத்த முடியவில்லை. நான் மேலே சொன்ன 1982 சட்டம் பிறக்க இந்தக் கொலை ஒரு பெரிய காரணம். இன்னொரு காரணம் பிலிப் ஏஜி. அவர் முன்னாள் அதிகாரி. லத்தீன் அமெரிக்காவில் சி.ஐ.ஏ. செய்த அக்கிரமங்களைச் சொல்கிறேன் என்று 1975-ல் வெளியிட்ட நூலில் சுமார் 250 பேரின் பெயர்களையும் சேர்த்தே போட்டவர்.

கேள்வி: அரசுகள் ரகசியம் என்ற பெயரில் செய்யும் கொடுமைகளை யார் வெளியே கொண்டுவருவது? பத்திரிகையில் இருந்த நீங்களே 'பெயரைப் போடாதே' என்பது நியாயமா அம்மா? (இளம் வழக்கறிஞர்)

நியாயமான கோபம் அம்மா. என்னைக் கேட்டால், வெளியே வரவேண்டியது செயல். பெயர் அதற்கு அவசியமா என்று ஒவ்வொரு முறையும் தனியாகக் கேட்டுப்பார்க்க வேண்டும்.

நான் அப்படிக் கேட்காமல் விட்ட ஒரு நாளைச் சொல்கிறேன். 2003 அக்டோபர் முதல் வாரம். பிளேம் விவகாரத்தில் விசாரணை தொடங்கிவிட்டது, செய்தி குவிகிறது. என் மேஜைக்கு வந்த தாளில் அவர் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பக்கத்து மேஜைக்காரரோடு பத்து நிமிஷம் வாதாடினேன். வேலரியா, வலேரியா? பிளேமா, பிளாமேயா? உச்சரிப்பு தப்பாகிவிடக் கூடாதே என்று அவ்வளவு அக்கறை. அடுத்த தாளில், அவர் போர்வையாக வைத்திருந்த போலி நிறுவனத்தின் பெயர் வந்தது: புரூஸ்டர் ஜென்னிங்ஸ் அண்ட் அசோசியேட்ஸ். நோவாக் அதையும் தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். பிளேம் 1999-ல் ஒரு தேர்தல் நன்கொடைப் படிவத்தில் வேலை பார்க்கும் இடமாக அதைக் குறித்திருந்ததால் பொதுப் பதிவில் கிடைத்தது. சுவாரஸ்யமாக இருக்கிறது என்று நான் அதைப் பெட்டிச் செய்தியாகக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். ஆசிரியர் பாராட்டினார்.

ராத்திரி வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. ஆளின் பெயர் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும். நிறுவனத்தின் பெயர் அந்த விசிட்டிங் கார்டை நீட்டிய எல்லோரையும் காட்டிக்கொடுக்கும். எங்கோ ஒரு அலுவலக இழுப்பறையில் அந்தக் கார்டு கிடந்தால், அதை வாங்கி வைத்தவர் கதி? உலகம் முழுக்க வந்த பெயர்தான், நான் போட்டதால் புதிதாக ஒன்றும் ஆகியிராது. என்றாலும் பெயரைப் போடும்முன் ஒரு விநாடிகூட நான் யோசிக்கவில்லை என்பது உண்மை. அந்தப் பெட்டிச் செய்தியை இன்னும் வெட்டி வைத்திருக்கிறேன். மேஜையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டித்தான் பாடம் சொல்வேன்.

இப்போது உங்கள் பக்கத்து நியாயம். ஜான் கிரியாகு என்ற முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி, கைதிகளை நீரால் மூச்சுத் திணறவைக்கும் சித்திரவதை நடந்ததை 2007-ல் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். பிறகு ஒரு ரகசிய அதிகாரியின் பெயரை ஒரு நிருபருக்குச் சொன்னதாக அந்த 1982 சட்டத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. அந்த நிருபர் பெயரை வெளியிடவேயில்லை. கிரியாகுவுக்கு 2013-ல் 30 மாதச் சிறை. லிபி ஒரு நாளும் உள்ளே இல்லை, இவர் உள்ளே போனார். கிரியாகு அந்தப் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் பதவியில் இருப்பவன் பழிவாங்கப் பெயரை வீசினால் மன்னிப்பு, பதவியில் இல்லாதவன் வாய்தவறினால் சிறை என்றால், அந்தச் சட்டம் காப்பது அதிகாரிகளையா, அரசையா? உங்கள் கோபம் அங்கேதான் போக வேண்டும். சித்திரவதை நடந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள அந்த ஒரு பெயர் தேவைப்படவில்லை.

கேள்வி: முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள், விரல் ரேகை, கருவிழிப் பதிவு வந்துவிட்ட காலத்தில் ரகசிய அதிகாரி என்று ஒருவர் இருக்க முடியுமா? (மென்பொருள் துறை)

முன்போல முடியாது. ஒருமுறை உண்மைப் பெயரில் ரேகை வைத்தவர் அடுத்த முறை வேறு பெயரில் வர வழியில்லை. இதைவிட ஆபத்தானது ஒன்று நடந்தது. அமெரிக்க அரசு ஊழியர்களின் விவரங்களை வைத்திருக்கும் அலுவலகத்தின் கணினிகளில் ஊடுருவல் நடந்ததாக 2015-ல் தெரியவந்தது. 2.15 கோடிப் பேரின் தகவல், அதில் 56 லட்சம் பேரின் விரல் ரேகை போயிற்று. சி.ஐ.ஏ. ஆட்களின் கோப்பு அங்கே இல்லை. சிக்கலே அதுதான். தூதரகத்தில் 'வெளியுறவுத் துறை ஊழியர்' என்று சொல்லிக்கொள்பவர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அவர் யார் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். பெயர் இல்லாததே பெயரைச் சொல்லிவிடுகிறது.

கேள்வி: கைதவறிப் பெயர் வெளியானால், பத்திரிகைகள் கட்டுப்பாடாக இருந்த சம்பவம் உண்டா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

உண்டு. 2014 மே மாதம் அதிபர் ஒபாமா ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்துக்குப் போனார். அவரைச் சந்தித்தவர்கள் பட்டியலை வெள்ளை மாளிகையே நிருபர்களுக்குக் கொடுத்தது. அதில் ஒரு பெயருக்கு எதிரே, காபூல் நிலையத் தலைவர் என்று பதவியும் இருந்தது. உடன் போயிருந்த நிருபர் ஒருவர் மற்றவர்களுக்காக அனுப்பிய மின்னஞ்சல் வழியே அது 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் போய்விட்டது. அந்த நிருபரே அதைக் கவனித்து அதிகாரிகளிடம் கேட்டார். அவசரமாக, அந்தப் பெயர் இல்லாத புதுப் பட்டியல் வந்தது. முக்கியப் பத்திரிகைகள் மறுநாள் தவறு நடந்த செய்தியைப் போட்டன. பெயரைப் போடவில்லை. செய்தி குறைந்துபோனதாக ஒரு வாசகரும் சொல்லியிருக்கமாட்டார்.

கடைசியாக உங்கள் கடிதத்தின் பின்குறிப்பு: 'நீங்கள் மட்டும் பிளேம் பெயரைப் போடுகிறீர்களே?' என்று கேட்டிருக்கிறீர்கள். பிளேம் தம் பெயரில் தாமே நூல் எழுதினார், நாடாளுமன்றத்தில் நின்று பேசினார். வெல்ச், டோல்கச்சேவ் இருவரும் இறந்துவிட்டார்கள், அவர்களை இனிக் காக்க வழியில்லை. ஆனால் 1985 ஜூனில் மாஸ்கோவில் பிடிபட்டு வீடு திரும்பிய அதிகாரியின் பெயர் பழைய செய்திகளில் கிடைக்கிறது, கிரியாகு சொன்ன பெயரும் தேடினால் கிடைக்கலாம். இரண்டையும் மேலே எங்கும் நான் எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கு அது குறையாகத் தெரிந்ததா?